இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவே

கணக்கில் சிக்கிக்கொண்ட வாசகர்களுக்கு, வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர் எழுதும் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், இரண்டு நிமிர்ந்த கோடுகளுக்கு நடுவே ஒரு கோவையை அடைத்து எழுதும் மட்டுச் சமன்பாடுகளைப் பற்றியவை. உயர்தரத்தில் இணைந்த கணிதம் தொடங்கிய பிள்ளைகளின் வீடுகளில் இது அந்தப் பருவம் போலும். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கூட்டு வட்டி கேட்ட மட்டக்குளி அன்பர் பொறுத்தருள வேண்டும். பிள்ளைகள் எக்ஸ் என்று எழுதும் தெரியாக் கணியத்தை நான் ‘ய’ என்று எழுதுவது என் பழக்கம். குழம்ப வேண்டாம்.

கேள்வி: என் மகன் தரம் 12இல் கணிதப் பிரிவில் படிக்கிறான். |2ய − 1| = ய − 5 என்ற சமன்பாட்டுக்கு −4, 2 என்று இரண்டு விடைகள் எழுதியிருந்தான். ஆசிரியர் இரண்டையும் சிவப்பு மையால் வெட்டி, ‘தீர்வு இல்லை’ என்று எழுதியிருக்கிறார். நான் வங்கியில் வேலை செய்பவள். கூட்டல் கழித்தலில் எனக்குத் தடுமாற்றம் கிடையாது. கொப்பியை வரி வரியாகப் பார்த்தேன். ஒரு பிழையும் அகப்படவில்லை. பிழையில்லாத கணக்கு எப்படிப் பிழையாகும்?
— ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: கொப்பிப் பக்கத்தையே படமெடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. பலர் கடைசி விடையை மட்டும் எழுதி அனுப்பி ‘எங்கே பிழை?’ என்று கேட்கிறார்கள். தொலைபேசியில் இருமிக் காட்டி வைத்தியரிடம் மருந்து கேட்பதைப் போன்றது அது.

மகன் எழுதியவை இவை:

2ய − 1 = ய − 5. ஆகவே ய = −4.
2ய − 1 = −ய + 5. 3ய = 6. ஆகவே ய = 2.

நீங்கள் சொன்னதுபோல் கூட்டல் கழித்தலில் பழுதில்லை. அடைப்பைத் திறக்கும்போது இரண்டு குறிகளையும் மாற்ற மறக்கவுமில்லை. அந்த இடத்தில்தான் பாதிப் பேர் வழுக்கி விழுவார்கள். அவன் எழுதாமல் விட்ட ஒரு வரிதான் அவனைக் கவிழ்த்திருக்கிறது. மட்டு என்பது எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து உள்ள தூரம். தூரம் ஒருநாளும் மறையாகாது, அதாவது பூச்சியத்துக்குக் கீழே போகாது. இடக்கைப் பக்கம் மறையாகாது என்றால், அதற்குச் சமம் என்று சொல்லிக்கொண்டு நிற்கும் ய − 5 உம் மறையாகக் கூடாது. அதாவது ய, 5 ஐ விடக் குறையக் கூடாது. இந்த வரியை மேலே எழுதி வைத்திருந்தால் −4 உம் 2 உம் வாசற்படியைத் தாண்டியிருக்கமாட்டா.

வாய்ப்புப் பார்ப்போம். −4 ஐப் பிரதியிட்டால் இடக்கைப் பக்கம் 9, வலக்கைப் பக்கம் −9. 2 ஐப் பிரதியிட்டால் 3, −3. எண்கள் சரியாக இருக்கின்றன, குறி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது. இதைக் கவனித்து வையுங்கள். அடுத்த கடிதத்துக்கு வேண்டும்.

அப்படியானால் இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன? |2ய − 1| = 5 − ய என்று ஒரு சமன்பாட்டை எழுதி அவற்றை அதில் பிரதியிட்டுப் பாருங்கள். 9 = 9. 3 = 3. கச்சிதம்! தொடர்மாடியில் மேல்வீட்டுக்காரருக்கு வந்த கடிதம் சில நாட்களில் உங்கள் கதவடியில் கிடப்பதில்லையா, அதே கதைதான். அந்தச் சமன்பாட்டை உடைத்தாலும் உங்கள் மகன் எழுதிய அதே இரண்டு வரிகள்தாம் கிடைக்கும். உடைத்த பிறகு, தாங்கள் எந்த வீட்டிலிருந்து வந்தோம் என்பது அந்த வரிகளுக்கு நினைவிருக்காது. கணக்குச் செய்பவர்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இன்னும் நம்பிக்கை வராவிட்டால் படம் வரையச் சொல்லுங்கள். இடக்கைப் பக்கத்தின் வரைபு ஆங்கில ‘வீ’ எழுத்துப் போல, தன் மூக்கை அரையில் ஊன்றி நிற்கும். வலக்கைப் பக்கத்தின் நேர்கோடு ய = 5 இல்தான் தரையை விட்டு எழுகிறது. அந்த இடத்தில் ‘வீ’யின் கை ஏற்கெனவே 9 அலகு உயரத்தில் இருக்கிறது. அது ஓரடிக்கு இரண்டாக ஏறுகிறது. நேர்கோடு ஓரடிக்கு ஒன்றாக ஏறுகிறது. பின்னால் புறப்பட்டு, மெதுவாகவும் நடப்பவர் எங்கே எட்டிப் பிடிப்பது?

ஆசிரியரும் ‘தீர்வு இல்லை’ என்று வெட்டிவிட்டுப் போகாமல், ஓரத்தில் ‘−9’ என்று ஓர் எண்ணைக் குறித்திருக்கலாம். உங்களுக்கு முத்திரைச் செலவு மிஞ்சியிருக்கும்.

கேள்வி: ‘பொருந்தாத விடை வந்தால் போலித் தீர்வு என்று வெட்டிவிடு’ என்று வகுப்பில் சொன்னார்கள். |ய − 8| = 2ய − 1 என்ற கணக்கில் எனக்கு −7 உம் 7/3 உம் வந்தன. இரண்டையும் பிரதியிட்டேன், இரண்டும் பொருந்தவில்லை. இரண்டையும் வெட்டித் தீர்வு இல்லை என்று எழுதினேன். விடை 3 என்று இருக்கிறது. சொன்னபடிதானே செய்தேன்?
— மாணவி, தெஹிவளை

பதில்: பிள்ளை, இம்முறை வந்ததில் மிக நல்ல கடிதம் உன்னுடையதுதான். பிரதியிட்டுப் பார்த்திருக்கிறாய். அந்த எண்களையும் அழிக்காமல் விட்டிருக்கிறாய். ஆனால் ‘பொருந்தவில்லை’ என்றவுடன் கத்தியை எடுத்துவிட்டாய். எப்படிப் பொருந்தவில்லை என்று ஒரு கணம் பார்த்திருந்தால் பிழை தானே கையை உயர்த்தியிருக்கும்.

உன் தாளில் உள்ளபடி −7 ஐப் பிரதியிட்டால் இடக்கைப் பக்கம் 15, வலக்கைப் பக்கம் −15. இது கொட்டாஞ்சேனை வீட்டில் நடந்த கதை: அளவு ஒன்று, குறி எதிர். இது உண்மையான போலித் தீர்வு. வெட்டியது சரி.

இப்போது 7/3. இடக்கைப் பக்கம் 17/3. வலக்கைப் பக்கம் 11/3. குறியில் சண்டையில்லை, அளவே வேறு. இப்படி வரவே கூடாது. ஏனென்றால் மட்டை உடைக்கும்போது நாம் எழுதுவது இரண்டே வரிகள்: உள்ளே இருப்பது வலக்கைப் பக்கத்துக்குச் சமம், அல்லது வலக்கைப் பக்கத்தின் மறைக்குச் சமம். இந்த இரண்டில் எதிலிருந்து விடை வந்தாலும் இரு பக்கங்களின் அளவும் ஒன்றாகத்தான் இருக்கும். கெடுவதானால் குறி மட்டும்தான் கெடும். ஆகவே அளவே ஒத்துவராத விடையைக் கண்டால் அது போலித் தீர்வு என்று நினைக்காதே. வழியில் எங்கோ நீ கணக்கைத் தவறவிட்டிருக்கிறாய். வெட்டுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் போ.

திரும்பிப் போனால் இரண்டாம் வரியிலேயே அகப்படும். ய − 8 = −(2ய − 1) என்று சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் ய − 8 = −2ய − 1 என்று இறக்கியிருக்கிறாய். வாசலில் நின்ற மறைக்குறி 2ய இன் கையைப் பிடித்தது, பின்னால் நின்ற 1 ஐப் பார்க்கவில்லை. அது −2ய + 1. அப்போது 3ய = 9, ய = 3. இடக்கைப் பக்கம் 5, வலக்கைப் பக்கம் 5.

உன் சிநேகிதி வர்க்கித்துச் செய்ததாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய்யலாம். ய² + 4ய − 21 = 0 என்று வந்து, −7 உம் 3 உம் கிடைக்கும். அடைப்புப் பிழைக்கு அங்கே வாய்ப்புக் குறைவு. ஆனால் −7 அங்கேயும் வந்து உட்காரும், வெட்டத்தான் வேண்டும். வர்க்கித்தாலும் குறி மறந்துபோகும் என்பதால் அதில் வியப்பில்லை.

வெட்டுவதைப் பற்றிச் சொல்லும்போது என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கற்பிக்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டோ மூன்றாம் ஆண்டோ, மதிய இடைவேளைக்குப் பிந்திய பாடம். கரும்பலகையில் |ய − 8| = 1 − 2ய என்று எழுதினேன். உன் கணக்கின் அக்கா; குறி மட்டும் மாறியது. அதே −7 உம் 3 உம் வந்தன. மணி அடிக்கப் போகிறது. ‘மட்டு மறையாகாது, ஆகவே −7 ஐ விலக்குகிறோம்’ என்று சொல்லி, வெண்கட்டியால் அதன் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு, 3 ஐச் சுற்றி வட்டம் போட்டேன். பின்வாங்கில் ஒருத்தி எழுந்தாள். “ரீச்சர், 3 ஐப் போட்டால் வலக்கைப் பக்கம் −5 வருகிறதே?” என்றாள். வகுப்பு முழுவதும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தது; நிமிர்ந்தது. நான் −7 ஐப் பிரதியிட்டேன். 15, 15. வெட்டியது சரியான விடையை, வட்டம் போட்டது போலியை.

மறையாகக் கூடாதது மட்டின் பெறுமானம். ய மறையாக இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. இதைத் தெரிந்துகொண்டே, படித்துப் பட்டம் வாங்கிய பிறகும், ஒரு மணியோசைக்காக அதை மறந்தேன். இன்றைக்கும் பிள்ளைகளின் தாள்களில் ‘மறை, ஆகவே பொருந்தாது’ என்ற வரியைக் கண்டால் எனக்கு அந்த வெண்கட்டித் தூள்தான் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: என் மாணவன் ஒருவன் |ய − 2| + |ய + 1| = 5 என்பதை |2ய − 1| = 5 என்று சேர்த்து எழுதி, 3, −2 என்று விடை கண்டான். இரண்டும் சரியான விடைகள். பிரதியிட்டும் காட்டிவிட்டான். வழி பிழை என்று எனக்குத் தெரிகிறது, அவன் ஒப்புக்கொள்ளவில்லை. முழுப் புள்ளி கொடுப்பதா?
— தனியார் வகுப்பு ஆசிரியர், வெள்ளவத்தை

பதில்: நீங்கள் எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கிறீர்கள் என்று முகவரி சொல்கிறது. நேரில் வந்திருந்தால் தேநீரோடு ஒரு மணி நேரம் சண்டை பிடித்திருக்கலாம்.

புள்ளி கொடுக்காதீர்கள். ஆனால் சிவப்பு மையையும் எடுக்காதீர்கள். அந்த 5 ஐ 3 ஆக மாற்றி அதே கணக்கைத் திரும்பக் கொடுங்கள். அவன் வழியில் 2ய − 1 = 3 அல்லது −3; விடை 2, −1 என்று வரும். பிரதியிடுவான், இரண்டும் பொருந்தும். வெற்றிப் புன்னகையோடு தாளைத் தருவான். அப்போது அமைதியாக, “0 ஐப் போட்டுப் பாரும்” என்று சொல்லுங்கள். 2 உம் 1 உம் சேர்ந்து 3. 1 ஐப் போட்டாலும் 3. அரையைப் போட்டாலும் 3. −1 இலிருந்து 2 வரை உள்ள எல்லா எண்களும் அந்தச் சமன்பாட்டின் தீர்வுகள். அவன் இரண்டு ஓரங்களை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவில் உள்ள முழுவதையும் விட்டுவிட்டான்.

பிரதியிட்டுப் பார்ப்பதை நான் மேலே இரண்டு கடிதங்களிலும் புகழ்ந்தேன். அதன் குறையையும் சொல்ல வேண்டும். கல்யாண மண்டப வாசலில் நிற்பவர், அழைப்பில்லாமல் வந்தவரைப் பிடித்துவிடுவார். வராமல் போனவரை எப்படிப் பிடிப்பார்? அதற்குப் பட்டியல் வேண்டும். மட்டுச் சமன்பாட்டில் அந்தப் பட்டியல் வரைபு அல்லது எண்கோடு.

எண்கோட்டை இந்தப் பையனுக்கு நம் கரையோரத் தண்டவாளத்தில் காட்டுங்கள். ஒரு நண்பன் பம்பலப்பிட்டி நிலையத்தில், இன்னொருவன் வெள்ளவத்தை நிலையத்தில். இவன் இரண்டுக்கும் நடுவே கடற்காற்று வாங்கிக்கொண்டு நடக்கிறான். (உண்மையில் நடக்கச் சொல்லாதீர்கள், தண்டவாளத்தில் நடப்பது குற்றம்.) வெள்ளவத்தைப் பக்கம் ஓரடி வைத்தால் ஒருவனுக்கு ஓரடி கிட்ட, மற்றவனுக்கு ஓரடி தூரம். இரண்டு தூரங்களின் கூட்டுத்தொகை அசையாது. அது எப்போதும் இரு நிலையங்களுக்கும் இடையிலான தூரம்தான். வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளைப் பக்கம் போனால்தான் கதை மாறும்: ஓரடிக்கு இரண்டடி கூடும். கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனாலும் அப்படியே.

|ய − 2| என்பது ய க்கும் 2 க்கும் இடையிலான தூரம், |ய + 1| என்பது ய க்கும் −1 க்கும் இடையிலான தூரம். ஆகவே இந்தக் கணக்கில் நிலையங்கள் −1 இலும் 2 இலும் இருக்கின்றன. இடைத்தூரம் 3. கூட்டுத்தொகை 5 வேண்டுமென்றால் இன்னும் 2 கூட வேண்டும். ஓரடிக்கு இரண்டு என்பதால் நிலையத்தைத் தாண்டி ஓர் அலகு போனால் போதும். ஒரு பக்கம் 3, மறு பக்கம் −2. பேனாவே தேவையில்லை. கூட்டுத்தொகை 2 வேண்டும் என்று கேட்டால்? தண்டவாளத்தில் எங்கே நின்றாலும் 3 க்குக் குறையாது, தீர்வில்லை. உங்கள் மாணவனோ 3/2, −1/2 என்று இரண்டு விடைகளைக் கொண்டுவந்து தருவான்.

இரண்டு மட்டுகளைச் சேர்த்து ஒன்றாக எழுதியது எப்போது சரிவரும்? உள்ளே இருக்கும் இரண்டும் ஒரே குறியாக இருக்கும்போது, அதாவது இரு நிலையங்களுக்கும் வெளியே நிற்கும்போது. அவனுடைய 3 உம் −2 உம் வெளியே விழுந்தன; அதனால் தப்பினான். நடுவில் |2ய − 1| சிறிதாகிவிடும். ய = 0 இல் அது 1, உண்மையான கூட்டுத்தொகையோ 3. முக்கோணச் சமனிலி என்று பாடநூலில் இருப்பது இதுதான். எண்கோட்டை மூன்று ஆயிடைகளாக, அதாவது மூன்று துண்டுகளாகப் பிரித்து எழுதும் வழக்கமான முறையை அதற்குப் பிறகு சொல்லிக் கொடுங்கள். ஏன் பிரிக்கிறோம் என்று அவன் அப்போது கேட்கமாட்டான்.

பரீட்சையிலும் இதற்குத்தான் முதலில் வரையச் சொல்கிறார்கள். ‘ஒரே வரிப்படத்தில் வரைக, இதிலிருந்து அல்லது வேறுவிதமாக’ என்று வரும்போது பிள்ளைகள் ‘வேறுவிதமாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். முதற் பகுதியில் 10 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 25 புள்ளிகள். வரைந்த படம் கண்முன் கிடக்க, குறியோடு மல்லுக்கட்டி அந்த 25 ஐ இழப்பதைப் பார்க்கும்போது வயிறு எரியும்.

கேள்வி: 3|ய − 2| + 4 = 10 என்பதற்கு என் தங்கை 4 உம் −8/3 உம் என்கிறாள். எனக்கு 4 உம் 0 உம் வருகின்றன. யார் சரி?
— அண்ணன், பம்பலப்பிட்டி

பதில்: நீங்கள். தங்கை மட்டைத் தனியாக்காமல், 10 க்கு முன்னால் மறைக்குறி போட்டிருக்கிறாள். முதலில் 4 ஐக் கழித்து, 3 ஆல் பிரித்து, |ய − 2| = 2 என்று தனியாக நிறுத்திவிட்டுத்தான் உடைக்க வேண்டும். −8/3 ஐப் பிரதியிட்டால் 18 வரும்; 10 க்கும் 18 க்கும் உறவே இல்லை. வெற்றியை அதிகம் கொண்டாட வேண்டாம், தங்கைக்குக் காட்டிக் கொடுங்கள்.

கேள்வி: மட்டு என்றால் ‘மறைக்குறியைத் தூக்கிவிடுவது’ என்று என் பிள்ளைக்குச் சொன்னேன். ஆசிரியை அது சரியில்லை என்றாராம். நான் படித்தபோது அப்படித்தான் சொன்னார்கள்.
— தந்தை, மட்டக்குளி

பதில்: எண்களுக்குச் சரி, எழுத்து வந்தவுடன் காலை வாரும். −ய என்று எழுதியிருப்பதைப் பார்த்து அது மறை எண் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். ய = −6 என்றால் −ய என்பது 6. ஆகவே ய மறையாக இருக்கும்போது |ய| = −ய என்பது முற்றிலும் சரி. ‘பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம்’ என்று சொல்லிக் கொடுங்கள். தூக்குவதற்கு எதுவும் இருக்காது.

கேள்வி: இந்த இரண்டு கோடுகளையும் யார் கண்டுபிடித்தார்? அவரிடம் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.
— மாணவன், கொழும்பு 13

பதில்: கார்ல் வையர்ஸ்ட்ராஸ் என்ற ஜேர்மன் கணித அறிஞர், 1841இல் எழுதிய ஆய்வொன்றில். பல்கலைக்கழகப் பேராசிரியராவதற்கு முன் பல ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். கணிதத்தோடு உடற்பயிற்சியும் கற்பித்தவர். இரண்டு வார்த்தை கேட்டால் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்.

கேள்வி: பிழையாகச் செய்ததை அழிறப்பரால் சுத்தமாக அழித்துவிட்டு எழுதும்படி என் பேரனுக்குச் சொல்லி வருகிறேன். கொப்பி அழகாக இருக்க வேண்டாமா?
— ஒரு பாட்டி, கொட்டாஞ்சேனை

பதில்: அக்கா, அழகாகத்தான் இருக்கும். ஆனால் பிழையைத் தேடுபவருக்கு அந்த அழகு உதவாது. முதலாவது பிழை எந்த வரியில் புகுந்தது என்று பார்க்க வேண்டும். கடைசி வரியில் தெரிவது அதன் வால் மட்டும். ஒற்றைக் கோட்டால் வெட்டிவிட்டு, பக்கத்தில் திருத்தமாக எழுதினால் போதும். தெஹிவளைப் பிள்ளை தன் 7/3 ஐ அழிக்காமல் விட்டதால்தான் அந்த மறைக்குறியை என்னால் இரண்டு நிமிடத்தில் பிடிக்க முடிந்தது. உங்கள் ஊரிலிருந்து வந்த முதற் கடிதத்தின் கொப்பிப் படத்தில், |2ய − 1| = ய − 5 க்குக் கீழே ஓரிடம் சாம்பல் நிறமாகத் தேய்ந்து, தாள் பொத்துப்போயிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ய என்ற எழுத்தும், அதற்குப் பக்கத்தில் 5 இன் தலைக்கோடும் மட்டும் மிஞ்சியிருந்தன.